முதல் பலகை விளையாட்டு: குறிப்பேட்டிலிருந்து அச்சு வரை

என் முதல் விளையாட்டுக்கு நான் செலவிட்ட 18 மாதங்களில் ஏறத்தாழ 11 மாதங்கள் ஓவியத்துக்கும் பெட்டிக்குமே போயின. சீட்டுகளின் ஓரத்துக்குத் தங்க நிறமா வெள்ளி நிறமா என்று இரண்டு வாரம் யோசித்திருக்கிறேன். முழு வண்ணத்தில் அச்சிட்ட 50 பிரதிகள் கைக்கு வந்த பிறகுதான், என்னை அறியாத நால்வர் என் துணையில்லாமல் அதை ஆட உட்கார்ந்தார்கள். நாற்பதாவது நிமிடத்தில் சீட்டுக் கட்டு தீர்ந்தது. தீர்ந்தால் என்ன செய்வது என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. அதுவரை நடந்த எல்லா ஆட்டங்களிலும் கழித்த சீட்டுகளை எடுத்துக் கலைத்து மீண்டும் அடுக்கியது என் கைதான் என்பதால், அது எழுதப்பட வேண்டிய ஒரு விதி என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. 50 பெட்டிகளையும் பிரித்துத் திருத்தத் துண்டு ஒன்றைச் செருகினேன்.

அடுத்த விளையாட்டு ஒரு வெளியீட்டாளர் வழியாகவும், அதற்கடுத்தது என் சொந்தச் செலவிலும் வந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, நான் இழந்த பணத்திலும் நேரத்திலும் பெரும்பகுதி வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததால் போனது என்று தெரிகிறது. ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படி முடியாமல் அடுத்த படிக்கான செலவைத் தொடங்காதீர்கள்.

1. பிறர் விளையாட்டுகளைக் குறிப்பேட்டுடன் ஆடுங்கள்

ஒரே விளையாட்டை நூறு முறை ஆடியிருப்பது வடிவமைப்புக்கு அதிகம் உதவாது. ஏலம் கேட்பது, பிடி எடுக்கும் சீட்டாட்டம், பணியாளர்களை இடங்களில் அமர்த்துவது, கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வளர்ப்பது, எல்லோரும் ஒரே அணியாக ஆட்டத்தை எதிர்ப்பது என வெவ்வேறு வகைகளில் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளையாவது ஆடிப் பாருங்கள். ஒவ்வொன்றும் முடிந்தவுடன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: எந்த இடத்தில் என் முறைக்காகக் காத்துச் சலித்தேன், எந்த விதியைப் புத்தகத்தில் மறுபடி தேடினேன், எந்த முடிவை எடுக்கத் திணறினேன். விலைக்கு வாங்க வேண்டியதில்லை; இரவல் போதும். பல வெளியீட்டாளர்கள் தங்கள் விதிப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். 2000இல் தொடங்கிய போர்டுகேம்கீக் தளத்தின் பட்டியலில், உங்கள் மனத்தில் உள்ள எண்ணத்துக்கு நெருக்கமானது ஏற்கெனவே வந்திருக்கிறதா என்றும் தேடிக்கொள்ளலாம். வந்திருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அதை வாங்கி ஆடி, உங்களுடையது எங்கே வேறுபடுகிறது என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பின்னர் வெளியீட்டாளர் உங்களிடம் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

2. விளையாட்டை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

எத்தனை பேர் ஆடலாம், எவ்வளவு நேரம், ஒருவர் தம் முறையில் என்ன செய்கிறார், எதனால் அவருக்குத் தயக்கம் வருகிறது, ஆட்டம் எப்போது முடிகிறது, யார் வெல்கிறார் ஆகியவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். புதியவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் நான்காவது கேள்வியை. பரமபதத்தில் பகடை சொன்னபடி காய் நகர்கிறது. ஆடுபவர் தயங்குவதற்கு அங்கே இடமே இல்லை. உங்கள் விளையாட்டில் ஒருவர் இரண்டு நல்ல வழிகளுக்கு நடுவே திண்டாடும் கணம் எது என்று உங்களால் எழுத முடியவில்லையென்றால், மாதிரி செய்யும் வேலையை ஒத்திப் போடுங்கள்.

இந்தக் கட்டத்தில் காத்திருக்கும் கண்ணி, கதை எழுதுவது. நான் என் முதல் விளையாட்டின் கற்பனை அரசுக்கு நான்கு தலைமுறை வரலாறு எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பலகையில் வந்து சேரவில்லை.

3. முதல் மாதிரியை ஒரே மாலையில் செய்யுங்கள்

முதல் மாதிரி அழகாக இருந்தால் அதை மாற்ற உங்களுக்கே மனம் வராது. எனவே வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும். வழக்கமான சீட்டின் அளவு 63 × 88 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளில் மூன்று வரிசைகளாக ஒன்பது சீட்டுகள் அடங்கும். வெட்டிய துண்டுகளை அப்படியே கலைக்க முடியாது. அந்த அளவுக்கான நெகிழி உறைகள் கடைகளில் ஸ்லீவ் என்ற பெயரில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய சீட்டைப் போட்டு, அதன் முன்னால் உங்கள் தாள் துண்டைச் செருகினால், உண்மையான கட்டைப் போலவே கலைக்கலாம், திருத்தம் வந்தால் துண்டை மட்டும் மாற்றலாம். காய்களுக்குச் சட்டைப் பொத்தான், நாணயம், வேறு விளையாட்டிலிருந்து எடுத்த மரக்கட்டைகள் எதுவும் ஆகும்.

இந்தப் படியில் உங்கள் செலவு ஒரு கட்டு உறைகளோடும் சில தாள்களோடும் நின்றுவிட வேண்டும். ஓவியருக்கு முன்பணம் கொடுத்திருந்தால், நான் செய்த தவற்றையே நீங்களும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

பத்துப் பதினைந்து திருத்தங்களுக்குப் பிறகு கையால் எழுதுவது அலுக்கும். அப்போது சீட்டுகளின் எழுத்துகளை ஒரு கணக்குத்தாளில் இட்டு, நேன்டெக் போன்ற இலவச மென்பொருளால் எல்லாச் சீட்டுகளையும் ஒரே வீச்சில் உருவாக்கிக்கொள்ளலாம். அதைக் கற்க ஒரு வாரம் ஆகும். 50 சீட்டுகளுக்கு மேல் உள்ள விளையாட்டு என்றால் அந்த வாரம் உங்களுக்குப் பல மடங்காகத் திரும்பி வரும்.

4. தனியாக ஆடுங்கள், கணக்குப் போடுங்கள்

பிறரை அழைப்பதற்கு முன், எல்லா ஆட்டக்காரர்களின் இடத்திலும் நீங்களே மாறி மாறி உட்கார்ந்து குறைந்தது ஐந்து முறை ஆடுங்கள். ஒருவரைப் பேராசைக்காரராகவும், ஒருவரை எச்சரிக்கையானவராகவும், ஒருவரை ஒரே வழியை விடாமல் பிடித்துக்கொள்பவராகவும் ஆட வையுங்கள். ஒரே வழியைப் பிடித்தவர் ஐந்து முறையும் வென்றால், சோதனைக்கு வருகிறவர்களின் நேரத்தை வீணாக்காமலேயே ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பிறகு கணக்கு. நான்கு பேர், 12 சுற்றுகள், ஒரு முறைக்கு 90 விநாடிகள் என்றால் ஆட்டம் 72 நிமிடம். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் 90 நிமிடம். அந்த ஐவரில் ஒவ்வொருவரும் தம் முறை முடிந்தபின் ஆறு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பெட்டியில் ‘45 நிமிடம்’ என்று எழுத ஆசைப்படும் முன் இந்தப் பெருக்கலைச் செய்யுங்கள். விதி விளக்கும் நேரமும் காய்களை அடுக்கும் நேரமும் இதில் சேரவில்லை.

வாய்ப்புகளையும் உள்ளுணர்வுக்கு விடாதீர்கள். இரண்டு பகடைகளில் மொத்தம் 36 வகையாக விழலாம். 7 வர ஆறு வழிகள் உண்டு, 12 வர ஒன்றே ஒன்று. 12 விழுந்தால்தான் பயன் தரும் சீட்டு ஒன்றை நான் வைத்திருந்தேன். ஓர் ஆட்டத்தில் ஒருவர் 12 முறை பகடை உருட்டினாலும் அந்த எண் ஒரு தடவையாவது விழும் வாய்ப்பு 30 விழுக்காட்டுக்கும் குறைவு. மூன்று ஆட்டங்களில் இரண்டில் அந்தச் சீட்டு வெறும் அட்டை. அதுபோல 40 சீட்டுகளில் இன்றியமையாத சீட்டு நான்கு இருந்து, தொடக்கத்தில் ஐந்து சீட்டுகள் வழங்கினால், ஒருவர் கையில் அது ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு 43 விழுக்காடுதான். பாதிப்பேருக்கு மேல் அது இல்லாமலே தொடங்குவார்கள் என்பதை அறிந்து வடிவமைப்பது ஒன்று, அறியாமல் வடிவமைப்பது வேறொன்று.

5. சோதனை ஆட்டங்கள்: இங்கேதான் நேரத்தைக் கொட்ட வேண்டும்

குறைந்தது ஆறு மாதங்களை இதற்கு ஒதுக்குங்கள். சோதனைக்கு வருகிறவர்களை மூன்று வட்டங்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் வட்டம் வீட்டாரும் நண்பர்களும். உடைந்த விளையாட்டையும் பொறுத்துக்கொள்வார்கள், ஆனால் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, பலகை விளையாட்டு ஆடிப் பழகிய அறிமுகமில்லாதவர்கள். மூன்றாவது, நீங்கள் அறையிலேயே இல்லாதபோது விதிப் புத்தகத்தை மட்டும் வைத்து ஆடுபவர்கள். நான் முதல் வட்டத்திலேயே முப்பது ஆட்டங்களை முடித்துவிட்டு, சோதனை முடிந்ததாக எண்ணிக்கொண்டேன்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பதிவுத்தாள் வையுங்கள். நாள், மாதிரியின் பதிப்பு எண், ஆடியவர் எண்ணிக்கை, விதி விளக்க எடுத்த நேரம், ஆடிய நேரம், ஒவ்வோர் இருக்கையின் இறுதிப் புள்ளி, முதலில் தொடங்கியவர் யார், எந்த நிமிடத்தில் யாருடைய கவனம் கைபேசிக்குப் போயிற்று ஆகியவை அதில் இருக்கட்டும். பின்னால் வெளியீட்டாளர் ‘எத்தனை முறை சோதித்தீர்கள், முதலாவதாக ஆடுபவருக்குச் சாதகம் இருக்கிறதா’ என்று கேட்டால், நினைவிலிருந்து சொல்லும் பதிலுக்கும் தாளைப் பார்த்துச் சொல்லும் பதிலுக்கும் மதிப்பு வேறு.

அதே சமயம் சிறிய எண்களை நம்பித் துள்ளாதீர்கள். இருவர் ஆடும் விளையாட்டில் பத்து ஆட்டங்களில் ஏழை முதலில் தொடங்கியவர் வென்றார் என்பதற்காக நான் ஒருமுறை விதியையே மாற்றிவிட்டேன். எந்தச் சாய்வும் இல்லாத நாணயத்தைப் பத்துமுறை சுண்டும்போதுகூடத் தலை ஏழோ அதற்கு மேலோ விழுவது ஏறத்தாழ ஆறுக்கு ஒரு தடவை நடக்கும். ஐம்பது ஆட்டங்களுக்குப் பிறகும் அதே விகிதம் நீடித்தால்தான் அது குறை. குறைதான் என்று உறுதியானால் தீர்வுகள் ஏற்கெனவே இருக்கின்றன: கறுப்பு வெள்ளைக் கற்களால் ஆடும் கோ விளையாட்டில் இரண்டாவதாகத் தொடங்கும் வெள்ளைக்கு 6.5 அல்லது 7.5 புள்ளிகள் ஈடாகக் கொடுக்கிறார்கள். தீவில் குடியேறும் கட்டான் விளையாட்டில் முதல் குடியிருப்பைக் கடைசியாக வைப்பவர் இரண்டாவதை முதலாவதாக வைக்கிறார்.

ஆட்டம் நடக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். ‘இல்லை, நீங்கள் அந்தச் சீட்டை இப்படிப் பயன்படுத்தியிருக்க வேண்டும்’ என்று நீங்கள் சொன்ன கணத்திலேயே அந்தச் சோதனை கெட்டுவிடுகிறது. ஆட்டம் முடிந்ததும் ‘பிடித்ததா’ என்று கேட்காதீர்கள். நாகரிகம் கருதிப் பிடித்தது என்பார்கள். ‘எப்போது தோற்றுவிட்டோம் என்று உணர்ந்தீர்கள்’, ‘எந்தச் சீட்டை ஒருபோதும் பயன்படுத்தவில்லை’, ‘இப்போதே இன்னொரு முறை ஆடலாமா’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வாய் சொல்லும் பதிலைவிடக் கை சீட்டுகளை அடுக்கத் தொடங்குகிறதா, பையைத் தேடுகிறதா என்பதைக் கவனியுங்கள்.

ஆடியவர்கள் குறையைச் சொன்னால் ஏறக்குறைய எப்போதும் நம்பலாம். அவர்கள் தரும் தீர்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘நடுவில் தொய்வாக இருக்கிறது, இன்னும் ஐந்து வகைச் சீட்டு சேருங்கள்’ என்று ஒருவர் சொன்னால், தொய்வு உண்மை. ஆனால் மருந்து இரண்டு சுற்றுகளை வெட்டுவதாக இருக்கலாம். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரே ஒரு பெரிய மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பழைய பதிப்பின் கோப்பை அழித்துவிடாதீர்கள். என் மூன்றாவது விளையாட்டின் இறுதி வடிவம், 14ஆம் பதிப்பிலிருந்து 9ஆம் பதிப்புக்குத் திரும்பிப் போனதால் கிடைத்தது.

ஆட்கள் கூடுவது கடினமாக இருந்தால் டேபிள்டாப் சிமுலேட்டர், டேபிள்டோபியா போன்ற கணினி மேசைகளில் சோதிக்கலாம். செலவு குறைவு, ஒரு சீட்டை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் சீட்டுகள் கையில் பிடிக்க முடியாத அளவு பெருகுவதும், பலகை மேசையைத் தாண்டி வழிவதும் திரையில் தெரியாது.

6. விதிப் புத்தகம்

விதிகளை நினைவிலிருந்து எழுதாமல், பெட்டியைத் திறப்பதிலிருந்து தொடங்கிக் கைகள் செய்யும் ஒவ்வொன்றையும் அந்த வரிசையிலேயே எழுதுங்கள். உள்ளடக்கப் பட்டியல் எண்ணிக்கையுடன், தொடக்க அடுக்கு படத்துடன், ஆட்டத்தின் நோக்கம் இரண்டே வரியில், பின்னர் ஒரு முறையின் படிகள், முடிவு, புள்ளிக் கணக்கு என்ற ஒழுங்கு பழகியவர்களுக்கும் புதியவர்களுக்கும் பொருந்துகிறது. ஒரு பொருளுக்கு ஒரே பெயர். ஓரிடத்தில் ‘சில்லு’ என்றும் இன்னோரிடத்தில் ‘வில்லை’ என்றும் எழுதினால், படிப்பவர் இரண்டு வகைப் பொருள் இருப்பதாகத் தேடுவார்.

சமநிலையானால் யார் வெல்வார், கட்டு தீர்ந்தால் என்ன, சில்லுகள் தீர்ந்தால் என்ன, இரண்டு சீட்டுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது செல்லும், கையில் எத்தனை சீட்டு வரை வைத்திருக்கலாம், கழித்த சீட்டுகளைப் பிறர் பார்க்கலாமா ஆகிய ஆறு கேள்விகளுக்கு விடை இருக்கிறதா என்று சரிபாருங்கள். என் 50 பெட்டிகளின் கதை இரண்டாவது கேள்வியில் முடிந்தது.

பிறகு மூன்றாவது வட்டத்தின் முன் புத்தகத்தை வையுங்கள். அவர்கள் ஆடுவதைக் காணொளியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், அல்லது மூலையில் உட்கார்ந்து, யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் குறிப்பெடுங்கள். இது மிகவும் வேதனையான ஒன்றரை மணி நேரம். அவர்கள் தடுமாறிய ஒவ்வொரு வரியையும் திருத்தி, வேறொரு குழுவிடம் மீண்டும் கொடுங்கள். ஒரே குழுவிடம் இரண்டாம் முறை கொடுப்பதில் பயனில்லை. அவர்களுக்கு இப்போது விளையாட்டுத் தெரியும். மூன்று வெவ்வேறு குழுக்கள் தவறில்லாமல் ஆடி முடித்த பிறகே அடுத்த படி. இதற்கு இரண்டு மாதங்களாவது பிடிக்கும்.

அச்சுக்குப் போகும் புத்தகம் நடுவில் தைக்கப்படுவதாக இருந்தால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஒன்பது பக்கங்களில் எழுதி முடித்தவர், எட்டாகச் சுருக்கட்டும்.

7. உரிமையும் ஆவணங்களும்

‘என் எண்ணத்தை யாராவது திருடிவிட்டால்?’ என்பது எல்லாப் புதியவர்களின் முதல் அச்சம். பதிப்புரிமை எண்ணத்தைக் காப்பதில்லை. 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 9ஆம் பிரிவே, பதிப்புரிமை வெளிப்பாட்டுக்கு உரியது, எண்ணங்களுக்கும் செயல்முறைகளுக்கும் உரியதல்ல என்று கூறுகிறது. ஆகவே நீங்கள் எழுதிய விதிப் புத்தகத்தின் வாசகமும் ஓவியங்களும் காக்கப்படும். பகடையை உருட்டி நிலம் பிடிக்கும் முறை காக்கப்படாது. காப்புரிமை வேறு வகை; அதற்கான செலவு பொழுதுபோக்கு விளையாட்டு ஒன்று ஈட்டக்கூடியதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். பெயருக்கு வணிகக்குறி இருக்கிறதா என்று மட்டும் பெட்டி வடிவமைக்கும் முன்பே தேடிவிடுங்கள்.

சோதனைக்கு வருகிறவர்களிடம் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்காதீர்கள். வெளியீட்டாளர்கள் பெரும்பாலும் அதில் கையொப்பமிட மாட்டார்கள், சோதனையாளர்களோ வரவே மாட்டார்கள். உங்கள் பதிவுத்தாள்களும் நாளிட்ட கோப்புகளும் போதுமான சான்று.

எழுத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது ஓவியருடனான ஒப்பந்தம். பணம் கொடுத்ததாலேயே ஓவியத்தின் உரிமை உங்களுக்கு வந்துவிடுவதில்லை; பல நாடுகளில் எழுத்துமூலம் மாற்றித் தராதவரை அது ஓவியரிடமே இருக்கும். எத்தனை படங்கள், எத்தனை திருத்தச் சுற்றுகள், எந்தப் பயன்பாட்டுக்கு (பெட்டி, விளம்பரம், பிறமொழிப் பதிப்பு, விரிவாக்கத் தொகுப்பு), எப்போது எவ்வளவு தொகை, பணி பாதியில் நின்றால் என்ன என்ற ஐந்தும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். கூட்டாக வடிவமைத்தால் இருவருக்கும் பங்கு எவ்வளவு என்பதையும் முதல் மாதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் எடுத்த எழுத்துருக்களும் சின்னங்களும் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டவையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, உரிமச் சான்றின் நகலை ஒரே கோப்புறையில் சேமியுங்கள்.

8. அச்சுக்குரிய கோப்புகள்

63 × 88 மில்லிமீட்டர் சீட்டுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு விளிம்பு (வெட்டும்போது கழிந்துபோகும் கூடுதல் ஓரம்) விட்டால் கோப்பு 69 × 94 ஆகும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில் அது 815 × 1110 புள்ளிகள். எழுத்தும் எண்ணும் வெட்டுக் கோட்டுக்கு உள்ளே இன்னும் 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்கட்டும். சீட்டுக்கு மெல்லிய சட்டம் போடாதீர்கள். வெட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து கண்ணை உறுத்தும். திரையின் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சுக்குரிய நான்கு நிற சிஎம்ஒய்கே மையில் மங்கிவிடும் என்பதால், வண்ணத்தை மாற்றிப் பார்த்த பிறகே ஓவியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பல அச்சகங்கள் ஒரு தாளில் 54 அல்லது 55 சீட்டுகளை அடுக்குகின்றன. 57 சீட்டுகள் உள்ள விளையாட்டுக்கு இரண்டு தாள்களின் செலவு ஆகலாம். மூன்று சீட்டுகளை வெட்டுவது சில நேரங்களில் முழு விளையாட்டையும் கட்டுப்படியாக்கும்.

ஆண்களில் சில மக்கள்தொகுதிகளில் 8 விழுக்காடு வரை சிவப்பு–பச்சை வேறுபாட்டில் தடுமாறுவார்கள். நிறத்தோடு வடிவத்தையும் மாற்றுங்கள்: சிவப்பு முக்கோணம், பச்சை வட்டம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு ஒருமுறை ஆடிப் பார்த்தால் குறை உடனே தெரியும்.

9. எந்த வழியில் வெளியிடுவது

முதலில், வெளியிடாமலே இருக்கலாம். பத்து நண்பர்கள் மாதமொருமுறை ஆடும் விளையாட்டு ஒன்று வைத்திருப்பது எந்த வகையிலும் தோல்வியாகாது. ஆடுபவர்களே அச்சிட்டுக்கொள்ளும்படி கோப்புகளை இலவசமாகத் தரலாம், செலவு ஏதுமில்லை. ஒன்றிரண்டு பிரதிகளையும் அச்சிட்டுத் தரும் தேவைக்கேற்ற அச்சுச் சேவைகள் உண்டு. ஒரு பிரதியின் விலை மிக அதிகமாக இருக்கும், ஆனால் கிடங்கு வேண்டாம், இழப்புக்கும் இடமில்லை. என் முதல் 50 பிரதிகளுக்குப் பதிலாக ஐந்தே ஐந்து பிரதிகளை இப்படி அச்சிட்டிருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் பத்திக்கு வேலையிருந்திருக்காது.

வெளியீட்டாளரை நாடினால் உங்கள் பணம் செலவாகாது. தேவையான ஆவணங்கள் மூன்று: ஒரு பக்க அறிமுகத்தாள், விதிப் புத்தகம், ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத காணொளி. அறிமுகத்தாளில் ஆடுவோர் எண்ணிக்கை, நேரம், வயது, உதிரிகளின் எண்ணிக்கை, மேசையில் விரித்த படம், உங்கள் விளையாட்டை வேறுபடுத்தும் அந்த ஒரு வரி ஆகியவை இருக்க வேண்டும். அவர்கள் வெளியிட்ட விளையாட்டுகளில் மூன்றையாவது ஆடியிருக்காமல் எழுதாதீர்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் ஜெர்மனியின் எசன் நகரில் நான்கு நாள் நடக்கும் ஷ்பீல் கண்காட்சி போன்ற இடங்களில் வெளியீட்டாளர்களைச் சந்திக்க முடியும். அதற்கான நேரத்தைப் பல வாரங்களுக்கு முன்பே கேட்டுப் பெற வேண்டும். பதில் வரச் சில மாதங்கள், ஒப்பந்தத்திலிருந்து கடைக்கு வர ஒன்றிரண்டு ஆண்டுகள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் ராயல்டி விழுக்காட்டைவிட, அது எதன் மீதான விழுக்காடு என்பதைப் பாருங்கள். 5 முதல் 8 வரை என்பது பரவலாகக் காணப்படும் எண். ஆனால் அது பெரும்பாலும் வெளியீட்டாளரின் நிகர வரவின் மீது. விற்பனை விலையில் 40 விழுக்காடு அவருக்கு வருகிறது என்றால், 6 விழுக்காடு ராயல்டி என்பது விற்பனை விலையில் 2.4 விழுக்காடே. குறிப்பிட்ட காலத்துக்குள் அச்சிடாவிட்டாலோ அச்சில் இல்லாமல் போனாலோ உரிமை உங்களிடம் திரும்பும் பிரிவு, பெட்டியின் முகப்பில் உங்கள் பெயர், கணக்கறிக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆகியவை இல்லாத ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புங்கள். மாதிரியின் ஒரே பிரதியை ஒருபோதும் அஞ்சலில் அனுப்பாதீர்கள். என்னுடையது ஓர் ஆண்டுக்குப் பிறகு நான்கு சீட்டுகள் குறைவாகத் திரும்பி வந்தது.

சொந்தமாக வெளியிடுவது வேறு தொழில். வடிவமைப்பதில் உள்ள மகிழ்ச்சி அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது என் தனிப்பட்ட கருத்து. தொழிற்சாலைகள் பொதுவாக 500 அல்லது 1000 பிரதிகளுக்குக் குறைந்து அச்சிடுவதில்லை. உற்பத்தியும் கப்பல் செலவும் சேர்ந்து ஒரு பிரதிக்கு ஆகும் தொகையைப் போல ஐந்து மடங்கு விற்பனை விலை வைப்பது துறையின் பழைய கணக்கு. விலை 100 என்றால் விநியோகஸ்தர் சுமார் 40 தருவார். 20 உற்பத்திக்கும் கப்பலுக்கும் போய்விடும். மிச்சம் 20இல் ஓவியம், விளம்பரம், கிடங்கு, சேதம், வரி எல்லாம் அடங்க வேண்டும். பெட்டியின் அளவையும் இதோடு சேர்த்து முடிவு செய்யுங்கள்: கூரியர் நிறுவனங்கள் பல, கன சென்டிமீட்டரை 5000ஆல் வகுத்து வரும் எண்ணையே கிலோ எடையாகக் கொள்கின்றன. 30 × 30 × 7 சென்டிமீட்டர் பெட்டி அரைக் கிலோ கனத்தாலும் 1.26 கிலோவுக்குப் பணம் கேட்பார்கள். உள்ளே காற்றை அடைத்து அனுப்பியதற்கு நான் கட்டிய தொகையை நினைத்தால் இன்றும் தூக்கம் கெடும்.

பலரிடம் முன்கூட்டியே சிறு தொகைகளைத் திரட்டும் கூட்டுநிதித் தளங்களை நாடினால் கிக்ஸ்டார்டர் தளம் 5 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. இலக்கை எட்டாவிட்டால் ஒன்றும் கைக்கு வராது. ஆகவே இலக்கைக் குறைத்து வைக்கும் ஆசை வரும். அப்படிக் குறைந்த இலக்கில் வென்று, அச்சிடப் போதாத பணத்தோடு நிற்பது தோல்வியைவிட மோசம்.

10. அச்சும் கப்பலும்

கோப்புச் சரிபார்ப்புக்கும் மாதிரிப் படிக்கும் ஒன்று முதல் இரண்டு மாதம், உற்பத்திக்கு இரண்டு மாதம், கடல்வழிப் பயணத்துக்கும் சுங்கத்துக்கும் இன்னும் இரண்டு மாதம் என்று வைத்து, அதன்மேல் இரண்டு மாதத்தைத் தாமதத்துக்கென்று கூட்டுங்கள். தொழிற்சாலை சீனாவில் இருந்தால், சனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும் சீனப் புத்தாண்டை ஒட்டி வேலை சில வாரங்கள் நின்றுபோகும். அதற்கு முந்தைய வாரங்களில் எல்லோரும் முண்டியடிப்பார்கள்.

சுங்கத்துக்குரிய விலைப்பட்டியலில் பலகை விளையாட்டுகள் பன்னாட்டு வகைப்பாட்டின் 9504ஆம் தலைப்பில் வரும். 9503 பொம்மைகளுக்கு உரியது. வயதுக் குறிப்பை விளையாட்டாக எழுதாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான விளையாட்டுப் பொருள்களும், அமெரிக்காவில் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கான பொருள்களும் பாதுகாப்புச் சோதனை விதிகளுக்கு உட்பட்டவை. பெட்டியில் ‘8+’ என்று போட்டால் ஆய்வகச் சான்றுக்கான செலவையும் வாரங்களையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். விற்கப்போகும் நாட்டின் விதியை, பெட்டி அச்சாகும் முன்பே தொழிற்சாலையிடமும் சுங்க முகவரிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உற்பத்திக்கு முன் தொழிற்சாலை ஒரு முழுப் பிரதியை ஒப்புதலுக்கு அனுப்பும். அதைப் பார்த்து மகிழ்ந்து அன்றைக்கே கையொப்பமிடாதீர்கள். உதிரிகளை எல்லாம் எண்ணுங்கள், சீட்டுகளின் பின்பக்கம் ஒரே நிறத்தில் இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள், நெகிழி உறையிட்ட சீட்டுகள் பெட்டியின் அறைக்குள் அடங்குகின்றனவா என்று வைத்துப் பாருங்கள், மூடியை இருபது முறை திறந்து மூடுங்கள். பிறகு உங்களை அறியாத நால்வரை அழைத்து, அந்தப் பிரதியிலேயே ஒரு முழு ஆட்டம் ஆடச் சொல்லிவிட்டு, நீங்கள் வேறு அறையில் போய் உட்காருங்கள். ஒப்புதல் கடிதத்தை மறுநாள் அனுப்பலாம்.